வாசல் தொட்டி

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கதை எழுதுகிறவனுக்குப் பூவைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் நிறையத் தெரியும் என்று ஓர் அபிப்பிராயம் உலகத்தில் இருக்கிறது. என் நாவல் ஒன்றில் கதாநாயகி ஆனி மாதத்தில் கொல்லைக்குப் போய்ச் சாமந்தி பறித்து வருவாள். புத்தகம் வெளிவந்த மறு மாதமே ஒரு வாசகர் தபால் அட்டை போட்டுவிட்டார்: "ஐயா, தங்கள் கதாநாயகி எந்தக் கடையில் வாங்கினாள் என்று தெரிவிக்கவும்." வீட்டுச் சாமந்தி மார்கழி தை மாதத்தில் பூக்கிற ஜாதி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்ட என்னை, போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, சிப்காட் பக்கத்திலிருக்கும் என் நண்பர் செடி விஷயமாக ஆலோசனை கேட்கக் கூப்பிட்டார். "சார், மொட்டு வச்ச செடியைத் தொட்டி மாத்தலாமா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாட்டிப் பரவாயில்லை, வாங்க" என்றார்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் சற்றுத் தூரம் போனதும் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடுகிறது. 1971-இல் தோன்றிய அரசாங்கக் கழகத்தின் பெயரை, ஊரின் பெயரைப் போலவே ஜனங்கள் வழங்குகிறார்கள். ஒரு பக்கம் சாலை. மறு பக்கம் உப்பனாறு. நடுவில் ரசாயனத் தொழிற்சாலைகள். அவற்றை ஒட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு என்று பழைய கிராமங்கள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போனால்கூட இடம் வந்துவிட்டது என்று மூக்கு சொல்லிவிடும். ஒரு நாள் அழுகிய முட்டை. ஒரு நாள் நகப்பூச்சு. ஒரு நாள் என்னவென்று சொல்லத் தெரியாமல் தொண்டையைப் பிடிக்கும். 2004-ஆம் வருஷம் இங்குள்ள கிராமத்தார் வாளி போன்ற ஒரு சாதனத்தில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட ரசாயனங்கள் அதில் இருந்தன. காற்றைக்கூடப் பிடித்து அடைத்துக் காட்டினால்தான் நம்புகிற காலம்.

நண்பர் இந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் ஷிப்டு ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வாசனை தெரியாது. எப்போது போயிற்று என்று அவருக்கே நினைவில்லை. "மூக்கு இருக்குது சார், வேலை செய்யல. ரிட்டையர் ஆயிடுச்சு, எனக்கு முன்னாடியே" என்பார். அவருக்காக முகர்ந்து சொல்லும் உத்தியோகத்தை அவருடைய மனைவி பார்த்து வந்தார். குழம்பு அடிப்பிடித்தால் அந்த அம்மாள்தான் சொல்ல வேண்டும். இரவில் கம்பெனி வாடை கிளம்பினால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி எழுப்புவதும் அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன், மார்கழியில், காலமாகிவிட்டார்.

செடி அவருடையது.

ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் மஞ்சள் சாமந்தி; ஒரே தாய்ச் செடியிலிருந்து பிரித்தவை. ஒன்று வாசலில், மற்றொன்று வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில். தொட்டி என்றால் மண் தொட்டி அல்ல. இந்தப் பக்கத்துக் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே, நீல நிற பிளாஸ்டிக் டிரம், அதன் கழுத்தை வெட்டிவிட்டு மண் நிரப்பியது. எந்தச் சரக்கை அடைத்து வந்த டிரம்மோ, யாருக்குத் தெரியும்? அதில் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கிணற்றடிச் செடியைப் பார்த்தேன். நுனிகளிலெல்லாம் மிளகுப் பருமனில் மொட்டு. ஆனால் கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. ஈர மண்ணில் நின்றுகொண்டு செடி வாடியிருந்தது. வறட்சியில் வாடுவது வேறு. தண்ணீருக்குள் நின்றுகொண்டு வாடுவது வேறு. அடியில் இட்ட ஒரே ஓட்டையும் அடைத்துக்கொண்டு, கார்த்திகை மழை முழுவதும் டிரம்முக்குள் தங்கிவிட்டது. வேருக்கு மூச்சு முட்டுகிறது என்பது என்னைப் போன்ற தற்குறிக்குக்கூடப் புரிந்தது.

"அவ இருந்தவரைக்கும் பூ முடிஞ்சதும் மாசியில வெட்டிவிட்டுப் பக்கக் கன்னையெல்லாம் பிரிச்சு மண்ணு மாத்துவா. நான் மூணு வருஷமாத் தொடல சார். இப்பத் தொடலாம்னா மொட்டு வச்சிட்டுது. இந்தப் பூவைத்தான் திதிக்கு வைக்கிறது" என்றார்.

விஷயம் அதுதான். திதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தொட்டியை மாற்றினால் மொட்டு உதிரலாம். மாற்றாவிட்டால் செடியே போகலாம்.

அவருக்குத் தெரிந்த நர்சரிக்காரரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மொட்டு வச்ச செடி மசக்கைக்காரி மாதிரி அண்ணே. வண்டியில ஏத்தாதீங்க." மாற்றுவதானால் பூப்பதற்கு முன், இல்லை பூத்து முடிந்த பின் என்றார். எல்லா ஊரிலும் எல்லாச் செடிக்கும் இதுதான் சட்டம் போலிருக்கிறது. எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1893-94-இல், கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அப்போது வங்காளத்தில் நவ்காவ் பக்கத்தில் அரசாங்க அனுமதியோடு கஞ்சா பயிராயிற்று. இன்று 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தால் ஜெயில்; அன்று அதற்கு வரி கட்டினார்கள். நாற்றுவிட்டு, செப்டம்பர் வாக்கில் பிடுங்கி நட்டுவிடுவார்களாம். பூ எடுக்கத் தொடங்கிய பிறகு செடியை அசைப்பதில்லை. ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கிப் போடுவதற்கென்று கைராசிக்காரர் ஒருவர் மட்டும் வயலுக்குள் நடந்து போவார். கஞ்சாவும் சாமந்தியும் ஒரு விஷயத்தில் பங்காளிகள். இரண்டும் இரவு நீண்டால் பூக்கிறவை. அந்த அழைப்பு வந்துவிட்டால், வேர் சௌகரியமாக இருக்கிறதா இல்லையா என்று செடி காத்திருப்பதில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் நுனிக்கு அனுப்பிவிடுகிறது. அந்தச் சமயத்தில் வேரை அறுத்தால் மறுபடி வேர்விட அதற்குக் கையில் மிச்சம் ஏது?

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். நண்பர் உள்ளே போய் ஒரு கட்டுக் காலண்டர்த் தாள்களைக் கொண்டுவந்தார். "அவ எழுதி வச்சிருக்கா. எந்தத் தேதியில மொட்டு, எந்தத் தேதியில பூன்னு. பார்த்துச் சொல்லுங்க, எத்தனை நாள் ஆகும்னு" என்றார்.

தினசரிக் காலண்டரின் தாள்கள். கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல், பின்புறத்தில் பென்சிலால் இரண்டு மூன்று வார்த்தை எழுதி, வருஷத்துக்கு ஒரு கட்டாக நூல்போட்டுக் கட்டியிருந்தார் அந்த அம்மாள். "அழுகின முட்டைக்கோசு, ராத்திரி 2." "வாடை இல்லை." "பால் 3 லிட்டர்." "கண் எரிச்சல்." நடுநடுவே, "கிணற்றடி மொட்டு", "கிணற்றடி பூ 11". நான் எத்தனையோ பேருடைய நாட்குறிப்புகளைப் படித்திருக்கிறேன். பிரசுரிப்பதற்காகவே எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. இதைப் போல என்னைக் கட்டிப்போட்டது ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து வாசித்தேன்.

மொட்டிலிருந்து பூவுக்கு ஆறு வாரம், சில வருஷம் ஐந்து என்று கணக்குத் தெரிந்தது. ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டது. கிணற்றடித் தொட்டி ஒவ்வொரு வருஷமும் பூத்திருக்கிறது. வாசல் தொட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"வாசல் தொட்டி பூக்காதா?" என்று கேட்டேன்.

"பூக்காது சார். கம்பெனிப் புகை. அதுக்கு மனுகூடக் கொடுத்தோம்" என்றார். அந்த மனுவின் கதை ருசியானது. வாசலில் நிற்கும் செடி புகையால் மலடாகிவிட்டது என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். வாசல் செடியைப் பார்த்தார், கொல்லைக்குப் போனார், பூத்துக் குலுங்கிய கிணற்றடிச் செடியைப் பார்த்தார். "புகை உங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறதா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நியாயமான குறை, பொருந்தாத சாட்சி. அன்று முதல் அந்தத் தெருவில் யார் மனு எழுதினாலும் "சாமந்தி மனு" என்று கேலி செய்தார்களாம்.

நான் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். 2012-ஆம் வருஷத்துக் கட்டில், பிப்ரவரி மாதத்துத் தாள் ஒன்றின் பின்னால்: "வாசல் மொட்டு!!" இரண்டு ஆச்சரியக்குறி. மார்ச்சில்: "வாசல் பூ 4." அப்புறம் "வாசல் பூ 9." அதற்குப் பிறகு எந்த வருஷத்திலும் இல்லை.

"2012-இல் என்ன விசேஷம்?" என்றேன்.

அவர் யோசித்தார். "தானே புயல் வந்துதே, அதுக்கு அடுத்தாப்பல." 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கரையேறிய புயல். கடலூர் ஜில்லாவில் பலாவும் முந்திரியும் சாய்ந்து, ஊர் ஊராக வெளிச்சமில்லாமல் கிடந்ததை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்க மாட்டார்கள். "எதிர்க்க கம்பெனி காம்பவுண்டு விளக்குக் கம்பம் அடியோட விழுந்துட்டுது. அதை நிறுத்த மூணு மாசம் ஆச்சு. தெருவே இருட்டு."

நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவுக்கு அப்பால் மதில். மதிலுக்குள் உயரமான கம்பம். அதன் தலையில் நாலைந்து பெரிய விளக்குகள். "ராத்திரி முழுக்க எரியுமா?" "அணைஞ்சதே இல்லை சார். எங்களுக்கு ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப வீட்டு வாசல்ல பூட்டுத் துவாரம் தெரியும்" என்றார் கொஞ்சம் பெருமையோடு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புகையிலைச் செடியோடு மல்லுக்கட்டினார்கள். அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், கோடையில் பூக்காது. உரம், தண்ணீர், சூடு எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் செடியை மாலையிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் காலையில் வெளியே எடுத்தார்கள், பூத்துவிட்டது. செடி எண்ணுவது இருட்டின் நீளத்தை என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்கைக் காட்டினாலும் எண்ணிக்கை கலைந்து, ஒரு நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக எடுத்துக்கொண்டுவிடும். சாமந்தி இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கம் சாமந்தி வயலில் இராத்திரி பல்பு எரியவிட்டு, பூவைத் தள்ளிப்போட்டு, விலை ஏறும் நாளுக்குப் பூக்கவைக்கிறார்கள். நம் பழைய சம்பா நெல்லுக்கும் இந்தக் கணக்கு உண்டு. முன்பின்னாக விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் தள்ளும். கடலூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் எண்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நாம் கடிகாரம் கட்டிக்கொண்டும் கவனிக்காத அந்த வித்தியாசத்தை நெல் கவனிக்கிறது.

இவ்வளவையும் நண்பருக்குச் சொன்னேன். புகை அல்ல, விளக்கு என்றேன். ஒரு துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தை வாசித்துக்காட்டிய சந்தோஷம் எனக்கு. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்ப அவ சொன்னது சரிதான்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"இந்தத் தொட்டியையும் கிணத்தடிக்கு நகத்துங்கன்னு வருஷா வருஷம் சொல்லுவா. டிரம்மு, ஈர மண்ணு, ரெண்டு ஆளு வேணும். ஷிப்டு முடிஞ்சு வந்து அலுப்புல, அப்புறம் பாக்கலாம்பேன். புகைதான் காரணம், எங்க வச்சாலும் ஒண்ணுதான்னு சண்டை போடுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "விளக்கும் அவங்களோடதுதானே சார்?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். விளக்கு திருட்டுப் பயத்துக்கு. அதற்கு ஆட்சேபணை எழுத எந்தப் பாரத்திலும் இடமிருக்காது.

நர்சரிக்காரர் சொன்னதை மீறுவது என்று நண்பரே முடிவு செய்தார். "வேரு அழுகினா மொட்டு எதுல நிக்கும்?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் வால்வு திருகிய கை. பதற்றமில்லாமல் வேலை செய்தது. நான் பிடி பிடி என்றால் பிடித்ததோடு சரி.

வாயகன்ற மண் தொட்டிகள் இரண்டு வாங்கி, முதல் நாள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டார். புது மண் தொட்டி செடிக்கு வைக்கிற ஈரத்தைத் தானே குடித்துவிடுமாம். அடி ஓட்டைமேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து, செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாண உரமும் கலந்து பரப்பினார். வெயில் தாழ்ந்த பிறகுதான் செடியைத் தொட்டார். டிரம்மைக் கவிழ்த்தால் வேர் அறும் என்று, ஹாக்ஸா பிளேடால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை இரண்டு கோடு அறுத்து, பண்ருட்டிப் பலாவைப் பிளப்பதுபோல் விரித்தார். அடிப்பாதி முழுவதும் கரிய சேறு. "வாடை வருதா சார்?" என்று என்னைக் கேட்டார். வந்தது, சாக்கடை வாடை. சொன்னேன். "நல்ல வேளை, திறந்தோம்" என்றார்.

மேல் பாதியில் ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும் வெள்ளையாக உயிருள்ள வேர். அதற்குக் கீழே அழுகியதை மட்டும் கத்தரித்து எறிந்தார். வேர்ப்பந்தை உதறவில்லை, கலைக்கவில்லை, சிக்கெடுக்கவில்லை. மொட்டில்லாத காலமாக இருந்தால் உதறிப் பிரித்திருப்பாராம். பழைய மண்ணோடு அப்படியே, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறக்கி, தண்டு முன்பு எந்த மட்டத்துக்குப் புதைந்திருந்ததோ அதே மட்டத்தில் நிறுத்தி, சுற்றிலும் புது மண்ணைத் தள்ளினார். அமுக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர்; அவ்வளவுதான். உரம் கிடையாது. "காயம்பட்டவனுக்குப் பிரியாணி போடக் கூடாது சார்." கிணற்றடிக் கூரைக்குக் கீழே, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு வாரம்.

வாசல் செடிக்கு மொட்டே இல்லையாதலால் அதை மாற்றுவதில் ஒரு கவலையும் இல்லை. பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகாமல் மறுபடி வாசலிலேயே வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் காலண்டர்த் தாளில் அவர் எழுத ஆரம்பித்தார். பிளாண்டில் மீட்டர் குறித்த பழக்கம். மாற்றுவதற்கு முன் எண்ணிவைத்திருந்த மொட்டு 41. மூன்றாம் நாள் செடி துவண்டு, நுனிகள் தலைகவிழ்ந்து நின்றபோது எனக்குப் போன் செய்தார். பேச ஒன்றுமில்லாமல் வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் தலை நிமிர்ந்தது. அதற்குள் 17 மொட்டுக் கறுத்து உதிர்ந்துவிட்டது. இன்னொரு வாரத்தில் மேலும் 6. மிச்சம் 18. நர்சரிக்காரர் வந்து பார்த்து, "தப்பிச்சுக்கிட்டீங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

திதியன்று காலையில் போனேன். சென்னையிலிருந்து மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். பதினெட்டில் ஒன்றுகூட விரியவில்லை. வேர் பிடிக்கச் செலவான நாட்களைச் செடி கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. மொட்டுகளின் முனையில் மஞ்சள் மட்டும் எட்டிப் பார்த்தது. மருமகள், "மாமா, கடையில வாங்கிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாமென்று தலையசைத்தார். மொட்டைக் கிள்ளவும் அவருக்கு மனமில்லை. அப்புறம் மகனும் நானுமாகத் தொட்டியையே தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் படத்துக்கு முன்னால் வைத்தோம். டிரம்மாக இருந்தால் அசைத்திருக்க முடியாது. படையல் இலைக்குப் பக்கத்தில் அது சற்று விநோதமாகத்தான் இருந்தது. நண்பர் ஓர் இலையைக் கசக்கி விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரலை என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்த்து, வருகிறது என்றேன்.

பொங்கலுக்கு மறுநாள் கிணற்றடிச் செடியில் பன்னிரண்டு பூ.

வாசல் செடிக்கு வேறு ஏற்பாடு. தொட்டியைச் சுற்றி நாலு மூங்கில் குச்சி நட்டிருக்கிறார். மாலை ஆறு மணிக்கு இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வையை அதன்மேல் போடுகிறார். காலை ஆறு மணிக்கு எடுக்கிறார். ஆறுக்கு ஆறு, அவருக்குப் பழக்கமான இராத்திரி டியூட்டி. தெருவில் போகிறவர்கள், செடிக்குக் குளிருதா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். தை கடைசியில் நான் போயிருந்தபோது மாலை ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. மதிலுக்கு அப்பால் விளக்குகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நுனியில், இலைகளுக்கு நடுவே, கடுகளவு பச்சையாக ஏதோ உருண்டிருந்தது. "மொட்டுதானா சார், தளிரா?" என்று கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மொட்டுதான் என்றேன். அவர் போர்வையைப் போட்டுவிட்டு, தாளில் எழுத உள்ளே போனார்.